மைக்ராஸ்கோப் தானாகப் பார்ப்பதில்லை

கருவிதான் படம் எடுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்துகிறார். நம் ஆய்வு நிறுவனங்களில் மைக்ராஸ்கோப் அறையைப் பற்றி நிலவும் கருத்து இதுதான். யாரும் இதை எழுதிச் சுவரில் ஒட்டுவதில்லை. ஆனால் பணி நியமன உத்தரவிலும், சம்பளப் பட்டியலிலும், ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வரும் நன்றி வரியிலும் இது எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. சில கோடி ரூபாய் கொடுத்து கன்ஃபோக்கல் மைக்ராஸ்கோப் வாங்குவார்கள். அதை இயக்குவதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒப்பந்தம் போட்டு ஒருவரை எடுப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் அவர் போவார், இன்னொருவர் வருவார். அவருடைய ஆராய்ச்சி என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. அவருக்கு ஆராய்ச்சி என்று ஒன்று இருக்கும் என்ற நினைப்பே இல்லை.

இந்தக் கருத்து தவறு. தவறு மட்டுமல்ல, நம் அறிவியலின் தரத்தை உள்ளிருந்து அரிக்கிறது. திருவனந்தபுரத்தில் செல்களைப் படமெடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். இந்த ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. தைக்காடு, பூஜப்புரைப் பக்கம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. 2007இல் மத்திய அரசின் கீழ் வந்தது. அருகிலேயே ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. பாப்பனங்கோட்டில் என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற தேசிய ஆய்வு நிறுவனம். 2008இல் தொடங்கி இப்போது விதுராவில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ரயிலேறி வந்து இங்கே பி.எச்.டி. செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுடைய ஆய்வேட்டில் இருக்கும் படங்கள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்பது, பெரும்பாலும் அந்த இருட்டறையில் உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு தெரியும், அவர் சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பொறுத்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். இன்றைய கருவிகள் தாமே குவியத்தைத் தேடிக்கொள்கின்றன. லேசரின் அளவையும் மென்பொருளே பரிந்துரைக்கிறது. ஒரு மாணவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் தானே உட்கார்ந்து படமெடுத்துவிடுகிறார். செல்களை எண்ண, வகைபிரிக்க, மங்கலான படத்தைத் தெளிவாக்கச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வியைக் கேட்பவர் உயிரியலாளர். மைக்ராஸ்கோப் அறை அதற்கு விடை எடுத்துக் கொடுக்கும் சேவை மையம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை அளவைச் சொல்பவரை மருத்துவர் என்று யாரும் அழைப்பதில்லையே என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு விடை ஒரு பழைய எண்ணிக்கையில் இருக்கிறது. மனித செல்லில் எத்தனை குரோமோசோம்கள்? பள்ளிப் பிள்ளைகூட 46 என்று சொல்லும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத்தின் பாடப்புத்தகங்கள் 48 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்கரான தியோஃபிலஸ் பெயின்டர் 1921இல், தான் பார்த்தவற்றில் மிகத் தெளிவான செல்களில் 46தான் தெரிகிறது என்று எழுதினார். 1923இல் 48 என்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு 48 தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் குறை ஏதும் இல்லை. அந்தக் காலத்து நல்ல லென்ஸ்களுக்கு குரோமோசோமைக் காட்டும் திறன் தாராளமாக இருந்தது. குறை, செல்லைக் கண்ணாடித் தகட்டில் பரப்பும் முறையில் இருந்தது. குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.

1952இல் டெக்சாஸில் டி.சி.ஷு என்ற ஆய்வாளரின் கூடத்தில் யாரோ உப்புக் கரைசலைத் தவறுதலாக நீர்க்கச் செய்துவிட்டார்கள். செல்கள் தண்ணீரை இழுத்து உப்பின. குரோமோசோம்கள் அழகாகப் பிரிந்து விழுந்தன. இனி எண்ண வேண்டியதுதான் பாக்கி. ஷு எண்ணினார். அவருக்கும் 48 என்றே தெரிந்தது! அற்புதமான தயாரிப்பு, நல்ல கருவி, கூர்மையான ஆய்வாளர். இருந்தும் புத்தகத்தில் இருந்த எண்ணே கண்ணிலும் விழுந்தது. கருவி காட்டியதைக் கண் பதிவு செய்யும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

46 என்று கண்டுபிடித்தவர் ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ. விவசாயம் படித்தவர்; தாவர குரோமோசோம்களில் கை பழகியவர். தந்தை புகைப்படக்காரர் என்பதால் புகைப்படக் கலையும் சிறு வயதிலேயே வந்திருந்தது. 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஆல்பர்ட் லெவானின் கூடத்தில், மனிதக் கருவின் நுரையீரல் செல்களைத் தானே தயார்செய்து, தானே பரப்பி, தானே படமெடுத்து எண்ணினார். கட்டுரை வெளியிடும் நேரத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. கூடத்தின் தலைவர் பெயர் முதலில் வருவது அன்றைய ஐரோப்பிய வழக்கம். ஜியோ மறுத்தார். தன் பெயர் முதலில் வராவிட்டால் இந்த வேலையையே தூக்கி எறிந்துவிடுவேன் என்று நின்றார். லெவான் ஒப்புக்கொண்டார். 1956இல் வந்த அந்தக் கட்டுரையில் ஜியோவின் பெயர்தான் முதலில் இருக்கிறது. அவர் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், 'செல் தயாரிப்பிலும் புகைப்படத்திலும் உதவிய' ஒருவருக்கு நன்றி என்ற ஒற்றை வரியோடு அது முடிந்திருக்கக்கூடும். அந்த உதவிதான் கண்டுபிடிப்பே.

இந்தக் கைவேலையின் பரம்பரை நம் ஊருக்கும் உண்டு. தலசேரியில் பிறந்து, சென்னையில் படித்து, மிச்சிகனில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்ற ஈ.கே.ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். இங்கிருந்துதான் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்குப் போனார். கரும்பையும் அதன் காட்டு உறவுகளையும் கலந்து பிறந்த செடிகளின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணிச் சொன்னார். எந்தக் கலப்பு எதிலிருந்து எதைப் பெற்றிருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்த எண்ணிக்கையில் இருந்தது. 1945இல் சிரில் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். ஜானகி அம்மாளை மைக்ராஸ்கோப் ஆபரேட்டர் என்று யாராவது சொல்வார்களா? அவர் செய்ததும் அதே வேலைதான்: வேர் நுனியை வெட்டு, பதப்படுத்து, சாயமேற்று, நசுக்கிப் பரப்பு, லென்ஸில் வைத்துக் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி எண்ணு. செய்முறையின் ஒவ்வொரு படியிலும் அவர் ஒரு முடிவு எடுத்தார். அந்த முடிவுகளே அவருடைய அறிவியல்.

தயாரிப்பு தவறினால் இல்லாத ஒன்றும் தெரியும். 1950களிலிருந்து பாக்டீரியாவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் அதன் உள்ளே சுருள் சுருளாக ஓர் உறுப்பைக் கண்டார்கள். மீசோசோம் என்று பெயர் வைத்து, சுவாசம், செல் பிரிதல் என்று வேலைகளும் ஒதுக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் அது நெடுங்காலம் இருந்தது. பிறகு பாக்டீரியாவை ரசாயனத்தில் ஊறவைக்காமல் நொடிக்குள் உறையவைத்துப் பார்க்கும் முறை வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜாக் துபோஷேவும் அவருடன் இருந்தவர்களும் அப்படிப் பார்த்தபோது மீசோசோமைக் காணோம். ரசாயனம் உண்டாக்கிய சுருக்கம் அது. துபோஷேவுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது, அந்த உறைய வைக்கும் முறைக்காகவே. கவனியுங்கள், 'மாதிரி தயாரிப்பு' என்று நம் நிறுவனங்களில் தற்காலிக ஊழியர் தலையில் கட்டும் வேலைக்குத்தான் அந்த நோபல்.

இப்போது இரண்டு நாள் பயிற்சி வாதத்துக்கு வருகிறேன். உண்மைதான், இரண்டு நாளில் படமெடுக்கக் கற்றுக்கொள்ளலாம். மாணவர் ஒரு புரதத்துக்குப் பச்சை ஒளி, இன்னொன்றுக்குச் சிவப்பு ஒளி ஏற்றிப் படமெடுக்கிறார். இரண்டும் சேரும் இடத்தில் மஞ்சள் தெரிகிறது. இரு புரதங்களும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று எழுதிவிடுகிறார். ஆனால் ஒளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873இலேயே சொல்லிவிட்டார்: ஒளியைக் கொண்டு பார்க்கும்போது அதன் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதிக்குக் கீழே உள்ள இடைவெளி தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது சுமார் 200 நானோமீட்டர். ஒரு புரதத்தின் அளவு சில நானோமீட்டர். ஒன்றையொன்று தொடாமல் தம் அளவைப்போல் பல மடங்கு தள்ளி நிற்கும் இரண்டு புரதங்களும் படத்தில் ஒரே மஞ்சள் புள்ளியாகத்தான் விழும். அதோடு, லென்ஸ் சிவப்பையும் பச்சையையும் மிகச் சரியாக ஒரே இடத்தில் குவிப்பதில்லை. பச்சைச் சாயத்தின் ஒளி சிவப்பு வழியிலும் கசியும். செல்லை மூடியிருக்கும் கண்ணாடித் தாள் 0.17 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று லென்ஸைச் செய்தவர்கள் கணக்கிட்டிருப்பார்கள். கையில் கிடைத்ததைப் போட்டால் படம் மங்கும், ஆழம் பிசகும். எண்ணெயில் இயங்கும் லென்ஸை வைத்து நீர் நிறைந்த திசுவை ஆழமாகப் பார்த்தால் உருண்டை நீள்வட்டமாகும்.

இவற்றில் எதையும் கருவி எச்சரிக்காது. படம் அழகாகவே வரும். அழகான, தவறான படம் வேண்டுமென்றால் இரண்டு நாள் பயிற்சி போதும். எங்கே தவறு புகுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆண்டுகள் வேண்டும். ஒளியியல், வேதியியல், செல்லின் இயல்பு மூன்றும் ஒரே தலையில் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்த தலை ஒன்று அந்த அறையில் இருக்கும்போது, அதை ஒப்பந்த முடிவு நாளில் வழியனுப்பிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுகிறோம்.

உயிருள்ள செல்லைப் பார்ப்பது இன்னும் கடினம். இங்கே ராஜீவ் காந்தி மையத்தின் ஒரு குழு, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிகழ்ச்சியை உயிரோடு படம்பிடித்து அதைக்கொண்டு மருந்துகளைச் சலித்தெடுக்கும் முறையை உருவாக்கி, 2011இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்டது. புற்றுநோய் மருந்து ஆராய்ச்சியில் இதன் அருமை பெரிது. ஒரு மருந்து செல்லைக் கொல்கிறதா என்பதோடு, எந்த வழியில், எந்த நேரத்தில் என்றும் தெரிந்துவிடும். இதன் அடிப்படை இப்படி: நீலப்பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றையும் மஞ்சளாக ஒளிரும் புரதம் ஒன்றையும் சிறு சங்கிலியால் இணைத்து செல்லுக்குள் வைக்கிறார்கள். முதலாவது வாங்கிய ஆற்றல் பக்கத்தில் இருக்கும் இரண்டாவதற்குப் போவதால் மஞ்சள் தெரியும். செல் சாக முடிவெடுத்ததும் காஸ்பேஸ் என்ற நொதி எழுந்து சங்கிலியை வெட்டும். இரண்டும் பிரிந்துவிடும், மஞ்சள் குறைந்து நீலப்பச்சை கூடும். இந்த விகிதத்தை அளந்தால், சாவின் தொடக்கத்தை நிமிடக் கணக்கில் பிடித்துவிடலாம்.

கேட்க எளிது. ஆனால் செல் சாகத் தொடங்கும்போது அதன் உட்பகுதி சற்று அமிலமாகும். இத்தகைய சென்சர்களில் பயன்பட்ட மஞ்சள் புரதங்கள் பலவற்றின் ஒளி அமிலத்தில் மங்கும். சங்கிலி வெட்டுப்படாமலே மஞ்சள் குறையும். கருவி அதையும் காஸ்பேஸ் வேலை என்றே பதிந்துவைக்கும். இதைத் தெரிந்தவர் என்ன செய்வார்? வெட்டவே முடியாதபடி சங்கிலியை மாற்றியமைத்த இன்னொரு செல் வரிசையைப் பக்கத்திலேயே வைத்துப் படமெடுப்பார். அங்கும் விகிதம் மாறினால் அது அமிலத்தின் வேலை என்று தெரிந்துவிடும். பிறகு ஒளியின் அளவு. நீல லேசர் செல்லுக்குள் விழும்போது ஆக்சிஜன் வேகம் பிடித்துச் செல்லையே தாக்கும். மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாகும். மருந்து கொல்வதைப் பார்க்கப் போய், பார்க்கும் ஒளியாலேயே செல்லைக் கொன்றுவிடலாம். மருந்து இல்லாமல் அதே ஒளியில் வைத்த செல்கள் எவ்வளவு நேரம் நலமாகப் பிரிகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு மங்கலான படம் போதும் என்ற முடிவுதான் இந்த வேலையிலேயே கடினமானது. அழகை விட்டுக்கொடுத்து உண்மையை வாங்கும் முடிவு அது. அதை எடுப்பவர் ஆபரேட்டர் என்றால் ஆராய்ச்சியாளர் என்பவர் யார்?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி. நான் அதற்கு எதிரி அல்ல. செல்களின் எல்லையை வரைவதற்கு 2020இல் வந்த செல்போஸ் போன்ற மென்பொருள்கள் மாணவர்களின் கண்ணையும் முதுகையும் காப்பாற்றியிருக்கின்றன. அந்த வேலையை மனிதர் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். மங்கலான படத்தைத் தெளிவாக்கும் முறைகள் 2018 முதல் பரவலாகின. அவற்றால் குறைந்த ஒளியில் படமெடுக்க முடிகிறது, செல்லுக்கு நல்லது. ஆனால் அந்த மென்பொருள் தான் முன்பு பார்த்த படங்களைக் கொண்டு, இங்கே இது இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது. பழைய படங்களில் இல்லாத புதிய அமைப்பு ஒன்று உண்மையிலேயே செல்லில் இருந்தால், அதை அது பழையதாகவே வரைந்து தந்துவிடும். எழுபது வருடத்துக்கு முந்தைய படங்களைக் கொடுத்துப் பழக்கியிருந்தால் அது மீசோசோமைத் தெளிவாக வரைந்திருக்கும். 48 குரோமோசோம்களைப் பிழையில்லாமல் எண்ணியிருக்கும். கருவியின் ஊகம் எங்கே நிற்கிறது, செல்லின் செய்தி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இந்த மென்பொருள்கள் வந்தபின் அந்த ஆளின் தேவை கூடியிருக்கிறது.

கேள்வி கேட்பவர் வேறு, படமெடுப்பவர் வேறு என்பது எதிர்த்தரப்பின் வாதங்களிலேயே அதிகம் நம்பப்படுவது. வரலாறு அதைத்தான் அதிகம் மறுக்கிறது. அபேயின் எல்லையைத் தாண்டியதற்காக 2014இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் எரிக் பெட்சிக். ஆய்வு வேலையை விட்டுவிட்டுத் தன் தந்தையின் இயந்திரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். திரும்பி வர நினைத்தபோது அவருக்கு வேலையும் இல்லை, கூடமும் இல்லை. 2005இல் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டு வரவேற்பறையில் இருவரும் சேர்ந்து அந்த மைக்ராஸ்கோப்பைக் கட்டினார்கள். ஒளியூட்டினால் மட்டும் விழித்துக்கொள்ளும் புரதங்களை உருவாக்கியிருந்த ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸின் குழுவோடு சேர்ந்தார்கள். 2006இல் முடிவு வெளிவந்தது. ஒளிரும் புள்ளிகளை ஒரே நேரத்தில் பார்க்காமல், சிலவற்றை மட்டும் விழிக்கவைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அணைத்து, மறுபடி வேறு சிலவற்றை எழுப்புவது அவர்கள் வழி. செல் சவ்வுகளின் உள்ளே இருக்கும் புரதங்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்ற கேள்வியை ஒளி மைக்ராஸ்கோப்பில் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்க அதற்கு முன்பு வழி அரிது. கருவி கட்டியவர்கள் ஒரு புதிய கேள்வியையே உண்டாக்கினார்கள்.

அதே துறையில் இன்னொரு கதை, கசப்பானது. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தின் ஜீனை 1992இல் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிராஷர். அவருக்கு ஆய்வு நிதி தொடரவில்லை. வேலையை விடுமுன் அந்த ஜீனை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்தார். 2008இல், அந்தப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்த ஷிமோமுராவோடு சேர்ந்து அந்த இருவருக்கும் நோபல் கிடைத்தபோது, பிராஷர் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் கார் விற்பனை நிலையம் ஒன்றில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வண்டியின் ஓட்டுநர். இன்று உலகின் எந்த செல் ஆய்வுக்கூடத்திலும் அந்தப் புரதமோ அதன் வாரிசோ இருக்கும். நிலையில்லாத வேலை ஒரு துறையிலிருந்து என்ன பறிக்கும் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

இனி நம் ஊரின் தட்பவெப்பத்தைச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது. திருவனந்தபுரம் கடலோர நகரம். தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே இங்கே பெய்யும். காற்றில் ஈரம் குறைவதே இல்லை. மின்சாரச் சிக்கனம் என்று இரவில் ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போனால் லென்ஸின் மேல் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை, லென்ஸுக்கு இட்ட மெல்லிய பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. ஒரு நல்ல ஆப்ஜெக்டிவ் லென்ஸின் விலை பல லட்சம். அறையின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே குவியம் நழுவும். இரவு முழுக்க ஓடவேண்டிய பரிசோதனை காலையில் வெறும் மங்கலாக முடிந்திருக்கும். ஐப்பசி மாலைகளில் இடி மின்னல் வந்தால் லேசருக்குச் செல்லும் மின்சாரத்தை யார் எப்போது துண்டிப்பது? ஜெர்மனியிலோ ஜப்பானிலோ அச்சடித்த கையேடு நம் பருவத்தைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டதல்ல. சேவைப் பொறியாளர் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டும். அதுவரை அந்த அறையைக் காப்பது இந்த ஊரின் காற்றை அறிந்த ஒருவரின் அனுபவம்தான். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் அந்த அனுபவம் அவரோடே வெளியேறுகிறது. அதைத் தொடர்ந்து எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகம்கூடப் பல இடங்களில் கிடையாது.

கருவியோடு வேலை செய்பவர்களை மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த நகரத்திலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீ சித்திரை நிறுவனத்தில் அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.எஸ்.வலியத்தான், இறக்குமதி செய்த செயற்கை இதய வால்வு நம் ஏழை நோயாளிகளுக்கு எட்டவில்லை என்று கண்டு, உள்நாட்டிலேயே ஒன்றைச் செய்ய முனைந்தார். பூஜப்புரையின் சாட்டல்மண்ட் அரண்மனையில் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் நோயியல் அறிஞர்களும் ஒரே திட்டத்தில் சேர்ந்தார்கள். வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் பொறியாளர் ஜி.எஸ்.புவனேஸ்வர். முதல் மாதிரிகள் தோற்றன. உலோகம் தேய்ந்தது, பற்றவைத்த இடம் முறிந்தது, வட்டு உடைந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் காரணத்தைத் தேடியவர்கள் அதே ஆட்கள். அடுத்த மாதிரியைச் செய்தவர்களும் அவர்களே. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அது பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தப் பொறியாளர்களை வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் இரண்டாவது மாதிரியோடு கதை முடிந்திருக்கும். தோல்வியின் நினைவு ஓர் ஆளிடம் தங்கியிருந்ததால்தான் நான்காவது மாதிரி நின்றது.

பணம் இல்லை என்பார்கள். கோடிகளில் வாங்கிய கருவியின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகை, பல இடங்களில் ஒரு விஞ்ஞானியின் ஆண்டுச் சம்பளத்துக்குக் குறைந்ததல்ல. அதற்குக் கோப்பு நகர்கிறது. பணியிடம் உருவாக்க விதி இல்லை என்பார்கள். ஆனால் கருவிகளுக்கு விதி எழுத முடிகிறது. அவற்றைப் பகிர்ந்துகொள்ள 2020இல் ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையத்தளம் வந்தது. 2022இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை கருவிகளின் பகிர்வுக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல முயற்சிகள். மதுரையில் இருக்கும் ஒரு மாணவி திருவனந்தபுரத்துக் கருவியில் நேரம் கேட்கலாம். வந்து சேர்ந்தபின் அவள் செல்லை எப்படிப் பதப்படுத்தினாள், எந்தச் சாயத்தை ஏன் எடுத்தாள் என்று கேட்டு, இது தவறான பரிசோதனை, மாற்றிச் செய்யம்மா என்று சொல்லும் தகுதியும் அதிகாரமும் உள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டுமே. அமெரிக்காவில் 2019இல் சான் சக்கர்பெர்க் அமைப்பு, பொதுக் கருவிக்கூடங்களில் இருக்கும் படமெடுப்பு விஞ்ஞானிகளின் ஊதியத்துக்கென்றே நிதி கொடுக்கத் தொடங்கியது. அங்கேயும் நிலை இதுதான் என்பதால்தான் அப்படி ஒரு நிதி தேவைப்பட்டது. அவர்கள் அதைக் குறையாகப் பார்த்துச் சரிசெய்யத் தொடங்கினார்கள். நாம் இன்னும் அதை இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

என் கோரிக்கை சிக்கலானதல்ல. மைக்ராஸ்கோப் வாங்கும் கோப்பு கையெழுத்துக்குப் போகும்போது, அதை நடத்தும் விஞ்ஞானியின் நிரந்தரப் பணியிடமும் அதே கோப்பில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது கையெழுத்தாகக் கூடாது. அவருக்குப் பதவி உயர்வு உண்டு, தன் சொந்த ஆராய்ச்சிக்கு வாரத்தில் நேரம் உண்டு, கருவியில் அவருக்கென்று மணிநேரம் உண்டு என்று விதியில் எழுத வேண்டும். பரிசோதனையை வடிவமைத்தவரின் பெயர் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். நன்றி வரி, பொத்தானை அழுத்தியவருக்கு மட்டும். ஆய்வேட்டுக் குழுவில், படங்களே சான்றாக இருக்கும் ஆய்வுகளுக்கு, அவர் உறுப்பினராக உட்கார வேண்டும். அசல் படக்கோப்புகள் அவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எந்த லேசர், எவ்வளவு ஒளி, எந்த லென்ஸ், எத்தனை முறை என்ற குறிப்பு இல்லாமல் எந்தப் படமும் இதழுக்குப் போகக்கூடாது. இவற்றில் பாதிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை; அடுத்த குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாகப் போட்டுவிடலாம்.